நான்காம் பொருள்

முதல் பொருள், அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கு.
ஒரு வருக்கைச் சக்கை ஆயிரத்து எழுநூறுக்குப் போனதை
இரண்டு முறை வாசிக்கச் சொல்லிச் சிரித்தார்கள்.
இரண்டாவது, மேற்கே ஒழுகும் ஓடு.
மூன்றாவது, மைக் செட்.
நான்கு என்று நான் சொன்னதும்
மின்விசிறியின் சத்தம் கேட்கத் தொடங்கியது.

றெஜிலாவுக்கு ஓலை வாசிப்பதா, வேண்டாமா.
பதிவேட்டில் அரை வரி.

ரசலையன் முதலில் எழும்பினார்.
ரப்பர் ஷீட் புகைந்த வாடை
ஞாயிற்றுக்கிழமைச் சட்டையிலும் அவரை விடுவதில்லை.
"சத்தியம் ஆளுக்கிட்ட பண்ணல்ல,
ஆண்டவருக்கிட்டயாக்கும்."
வேதத்தைத் திறந்தார்.
பக்கம் அவர் விரலுக்கு முன்பே தெரிந்திருந்தது.

குவைத்துக்குப் போன மனைவி
திரும்பாமல் பத்தொன்பது வருஷம்.
மோதிரத்தை அவர் கழற்றவில்லை,
இனி நினைத்தாலும் வராது, கணு வீங்கிவிட்டது.
அந்த ஒரு வசனத்தின் மேல்தான்
தினமும் ஒற்றை ஆளுக்குக் கஞ்சி வடிக்கிறார்.
இதை எந்தப் பதிவேட்டிலும் நான் எழுதியதில்லை.

ஸ்டெல்லாபாய் சிஸ்டர் உட்கார்ந்தபடியே பேசினாள்.
"அவளுக்க நெத்தியில ஏழு தையல்.
குழித்துறை ஆஸ்பத்திரியில ராத்திரி ரெண்டு மணிக்கு
நான்தான் போட்டேன்.
எட்டாவதுக்கும் அவ அங்கேயே இருந்திருக்கணும்னா
யாராவது ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லணும்."

யாரும் பார்க்கவில்லை.
பிறகு கிங்ஸ்லி, தரையைப் பார்த்து:
"விலக்குக்குக் காரணம் ஒண்ணுதான் எழுதியிருக்கு.
அடி எழுத்தில இல்ல."
"எழுத்தில மைக் செட்டும் இல்ல" என்றாள்.
ஒருவர் சிரிக்கத் தொடங்கி
பாதியில் இருமலாக மாற்றிக்கொண்டார்.

'அந்தப் பொண்ணு, அந்தப் பொண்ணு' என்று
பேச்சு வளர்ந்துகொண்டிருந்தபோது
போதகர் சொன்னது ஒன்றே ஒன்று:
"பேரு இருக்குல்லா."

அதற்குப் பிறகு வாக்கியங்கள் மெதுவாக வந்தன.
பெயரைச் சொல்ல வேண்டியிருந்தால்
சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் ஓய்வுநாள் பள்ளி.
பேழை வரையச் சொல்லிக்கொடுக்கிறாள் அவள்.
"ஒட்டகம் ரெண்டா டீச்சர்?"
"ரெண்டு."
"எனக்க தாளில ஒண்ணுதான் கொள்ளும்."
"கொள்ளுற மட்டும் வரை மக்களே."

அப்போதுதான் கவனித்தேன்.
ஏலத்தில் தொலையாவட்டம் முக்குவரை கேட்கும் குரல்
ரசலையனுக்கு.
இன்று காலை முழுவதும்
தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர் மாதிரி
பேசிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவரே சொன்னார்:
"மூணு ஞாயிறும் வாசிச்சாலும்,
தடை உண்டான்னு கேக்கும்போ நான் எழும்பமாட்டேன்.
ஆமென்னும் சொல்லமாட்டேன்."
"அது போதாது" என்றாள் ஸ்டெல்லாபாய்.
"போதாதுதான்" என்றார்.
இருவரும் ஒரே தட்டிலிருந்து
ஏத்தம்பழ பஜ்ஜியை எடுத்தார்கள்.
சமாதானம் என்று எழுதிவிடாதீர்கள், பசி.

பேராயருக்குக் கடிதம் எழுதுவது என்றும்
அடுத்த மாதம் மீண்டும் பேசுவது என்றும் நின்றது.
அடுத்த மாதம் என்பது அவளுக்கு முப்பது ராத்திரி.
மேல்புறத்தில் ஒயரிங் வேலை செய்கிற ஒருவனுக்கும்.
'விவாதிக்கப்பட்டது' என்று எழுதினேன்.
என் கருத்தை யாரும் கேட்கவில்லை.
குறிப்பெழுதுகிறவனுக்கும் வாக்கு உண்டு,
அவர்கள் மறந்தார்கள்,
எனக்கு அது வசதியாக இருந்தது.

ஐந்தாவது, கல்லறைத் தோட்டத்து மதில்.
ஏகமனதாக நிறைவேறியது.

திரையை விலக்கி றெஜிலா எட்டிப் பார்த்தாள்,
புறங்கையில் நீலச் சாக்பொடி,
நெற்றியில் முடியை இழுத்து விட்டிருந்தாள்.
"பீரோச் சாவி யாருகிட்ட இருக்கு?"

ஒன்பது பேரும் ஒரே நேரத்தில்
சட்டைப் பையிலும் கைப்பையிலும்
மேசைக்கு அடியிலும் தேடினோம்.

பதிவேட்டுக்குக் கீழே இருந்தது,
என் கை அழுத்திக்கொண்டிருந்த இடத்தில்.